மர உச்சிப் பூச்சிகளையும் சிலந்திகளையும் கணக்கெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டு மரங்களின் உச்சியில் என்னென்ன பூச்சிகள், சிலந்திகள் வாழ்கின்றன என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லோருமே முதலில் கேட்பது, எப்படி மேலே ஏறுவது என்பதைத்தான். ஏறுவது இந்த வேலையில் சின்னப் பகுதி. நூற்றுக்கணக்கான குப்பிகளில் அழகாகப் பூச்சிகளை நிரப்பிக்கொண்டு வந்து, எது எந்த மரத்தில் கிடைத்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் முறை ஒரு வாரச் சேகரிப்பை அப்படித்தான் இழந்தேன். இங்கே சொல்லும் வரிசையைக் கூடுமானவரை மாற்றாமல் செய்யுங்கள், ஏன் இந்த வரிசை என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "இந்த இன மரத்தின் உச்சியில் இருக்கும் சிலந்திகளும் அடிக்கிளையில் இருக்கும் சிலந்திகளும் ஒன்றா வேறா?" என்பது நல்ல கேள்வி. "மர உச்சியில் என்ன இருக்கிறது?" என்பது கேள்வியே இல்லை, அதற்குப் பதில் முடியவே முடியாது.

கேள்வியை வைத்துத்தான் முறையைத் தேர்வு செய்ய முடியும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் உச்சியின் ஒரு துண்டை மட்டுமே காட்டும். கிளையைத் தட்டினால் இலைமேல் உட்கார்ந்திருப்பவை விழும், பட்டைக்குள் துளைத்து வாழும் வண்டுப்புழு விழாது. விளக்குப் பொறியில் அந்துப்பூச்சிகள் குவியும், ஆனால் அவை அந்த மரத்தைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாது, அக்கம்பக்கத்திலிருந்தும் வந்திருக்கும். எந்தப் பொறியை வாங்குவது என்று கேள்விக்கு முன்னால் யோசிக்க ஆரம்பித்தால் பொறி பிடித்துக் கொடுப்பதுதான் உங்கள் ஆய்வாகிவிடும்.

2. எது ஒரு மாதிரி என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஒரே மரத்தில் பத்துக் கிளைகளைத் தட்டினால் உங்களிடம் பத்து மாதிரிகள் இல்லை. ஒரு மரம்தான் இருக்கிறது, அதைப் பத்து முறை தொட்டிருக்கிறீர்கள். அந்த மரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தால் பத்துக் கிளையிலும் மற்ற பூச்சிகள் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இந்த மர இனத்திலேயே பூச்சி குறைவு என்று எழுதினால் தப்பாகிவிடும். மர இனங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது ஐந்தாறு தனித்தனி மரங்களாவது வேண்டும், அவை ஒன்றையொன்று ஒட்டி நிற்காமலும் இருக்க வேண்டும். கிளைகள் உரசிக்கொள்ளும் இரண்டு மரங்கள் எறும்புக்கு ஒரே வீடு.

அடுத்தது, எத்தனை மாதிரி என்பதைப் பிரிக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் காட்டில் ஒரு மணி நேரம் சேகரித்ததை நுண்ணோக்கியின் கீழே பிரிக்க எட்டுப் பத்து மணி நேரம் ஆகும், கை பழகாதவர்களுக்கு இன்னும் கூட. பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் மொத்தமே 0.48 ஹெக்டேர் பரப்பில் 2003, 2004-இல் பெரிய குழு ஒன்று பல முறைகளில் சேகரித்தது. கிடைத்தவை 6,144 கணுக்காலி இனங்கள், அதாவது பூச்சி, சிலந்தி போன்ற மூட்டுக்கால் உயிர்கள். அந்த முடிவு வெளிவந்தது 2012-இல். அத்தனை நிபுணர்கள் கூடியும் அவ்வளவு காலம் ஆனது என்றால் தனியாள் முப்பது மரம் என்று திட்டம் போடுவது சரிப்படாது. ஒரே ஒரு மரத்தை முழுதாகச் சேகரித்து, பிரித்து, எண்ணி முடியுங்கள். அதற்கு ஆன நேரத்தால் உங்களிடம் உள்ள நேரத்தை வகுத்தால் எத்தனை மரம் என்பது தெரிந்துவிடும்.

3. அனுமதி, ஆட்கள், பாதுகாப்பு

அனுமதிக் கடிதம் கையில் வராமல் காட்டுக்குள் போகாதீர்கள். மரத்துக்கு ஏற, பூச்சியைப் பிடிக்க, பிடித்ததை வெளியே கொண்டுபோக என்று தனித்தனி அனுமதி கேட்கும் இடங்கள் உண்டு, மூன்றையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் ஏறும் கலையை எழுத்தைப் படித்துக் கற்க முடியாது. அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் நேரில்தான் கற்க வேண்டும், நானும் இங்கே அதைச் சொல்லித்தரப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தனியாக ஏறாதீர்கள், கீழே நிற்பவருக்கும் ஏறவும் மேலிருப்பவரை இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பு வாரில் அசையாமல் தொங்கும் ஆள், வெளிக்காயம் எதுவும் இல்லாவிட்டாலும், நிமிடக் கணக்கில் ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். கால்களில் ரத்தம் தேங்கிவிடுவதுதான் காரணம். போய் யாரையாவது கூட்டி வருகிறேன் என்பதற்கு நேரம் இருக்காது.

நல்ல செய்தி, கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல் தரையில் நின்றபடியே செய்துவிடலாம்.

4. சாமான்களை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

காட்டில் நின்றுகொண்டு சீட்டு எழுதுவது வேலைக்கு ஆகாது. கை ஈரமாக இருக்கும், பக்கத்தில் பூச்சி பறந்துகொண்டிருக்கும், எழுத்து கிறுக்கலாகத்தான் வரும். மர எண், உயரம், முறை, மாதிரி எண் எல்லாம் எழுதிய சீட்டுகளை முன்கூட்டியே வெட்டி, ஒவ்வொரு குப்பிக்குள்ளும் போட்டு வைத்துவிடுங்கள். தேதியையும் நேரத்தையும் மட்டும் அங்கே எழுதினால் போதும். நான் எழுதும் வடிவம் இப்படி இருக்கும்: ம7 / 18 மீ / தட்டு 3 / தேதி / காலை 6.40.

பென்சிலால் எழுதுங்கள், கெட்டியான தாளில் எழுதுங்கள், குப்பிக்கு உள்ளே போடுங்கள். பந்துமுனைப் பேனா மையும் சாதாரண அச்சு மையும் ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும், மூடியில் எழுதினால் மூடிகள் மாறிவிடும். இந்த மூன்று தவறும் ஒவ்வொரு புதுக் குழுவிலும் நடக்கிறது.

ஆல்கஹால் எந்த அளவு? உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்பதற்கு 70 முதல் 80 சதவீத எத்தனால் நன்றாக இருக்கும், உடல் வளைந்து கொடுக்கும். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீதம் வேண்டும், ஆனால் அதில் எறும்பும் சிலந்தியும் விறைத்துக் கால்கள் ஒடியும். எது வேண்டும் என்பதைக் கேள்விதான் சொல்லும், அதனால்தான் அதை முதலில் எழுதச் சொன்னேன்.

5. மரத்தைத் தொடுவதற்கு முன் பாருங்கள்

ஒரு மரத்துக்கு அரை மணி நேரமாவது தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நில்லுங்கள். தளிர் விட்டிருக்கிறதா, முற்றிய இலையா, பூ இருக்கிறதா, கொடி ஏறியிருக்கிறதா, கிளைகளில் தொற்றுச் செடிகள் எத்தனை, எந்த எறும்பு அடிமரத்தில் ஓடுகிறது. இதையெல்லாம் பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது.

தளிரைப் பற்றிக் கேட்பது ஏன் என்றால், இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பங்கு மென்மையான இளம் இலையைத்தான் தேடும். ஒரே இன மரங்கள் இரண்டில் ஒன்று தளிர்த்து மற்றது தளிர்க்காமல் இருந்தால் அவற்றின் பூச்சிக் கூட்டம் இரண்டு வெவ்வேறு காடுகளைப் போலத் தெரியும்.

எறும்பு அதைவிட முக்கியம். வெப்பமண்டலக் காட்டு உச்சியில் தலையெண்ணிக்கையில் எறும்புகள் பெரும்பங்கு எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு கூட்டம் ஒரு மரத்தையோ பல மரங்களையோ பிடித்துக்கொண்டு வேறு வலிய எறும்பினத்தை உள்ளே விடாது, அதனால் காடு எறும்பு எல்லைகளாகத் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். இத்தனை எறும்புக்கும் இரை எங்கிருந்து வருகிறது என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். பெரும்பகுதி வேட்டையாடிக் கிடைப்பதில்லை. செதில் பூச்சி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி ஆகியவை மரச்சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்புத் தேன்கழிவை நக்கித்தான் அவை பெருகுகின்றன, அதற்கு ஈடாக அந்தப் பூச்சிகளுக்குக் காவல் நிற்கின்றன. ஆகவே எந்த எறும்பு ஆளும் மரம் என்று எழுதாத மாதிரிக்குப் பாதி விளக்கம் போய்விட்டது.

வலைகளையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். வட்ட வலையா, தாள் போன்ற வலையா, ஒழுங்கில்லாத சிக்கல் வலையா, எந்த உயரம், கிளையின் நுனியிலா உட்புறத்திலா. கிளை ஒருமுறை ஆடினால் வலை போய்விடும், குப்பியில் கிடக்கும் சிலந்தியைப் பார்த்து அது எங்கே வலை கட்டியிருந்தது என்று சொல்ல முடியாது.

குளவிக் கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த அரை மணிக்குள் அடக்கம். இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். கடைசியாக, அந்த மரத்தின் கிளை ஒன்றை, முடிந்தால் பூவோ காயோ உள்ளதாக, அழுத்தி உலர்த்தி வையுங்கள். மரத்தின் பெயர் தவறாகப் போனால் மற்ற எல்லாமும் தவறாகிவிடும்.

6. கலைக்காத முறை முதலில், கலைக்கும் முறை கடைசியில்

ஒரே மரத்தில் பல முறைகளைச் செய்யப் போகிறீர்கள் என்றால் வரிசை இதுதான்: கண்ணால் பார்ப்பது, தொங்கு பொறி, பைக்குள் கிளை, கிளை தட்டுதல், பட்டையும் தொற்றுச் செடியும், புகை. தட்டிய பிறகு பை போட்டால் பைக்குள் பாதிப் பூச்சி இருக்காது. புகை போட்ட மரத்தில் அப்புறம் எதைத் தேடினாலும் அது அந்த மரத்தின் இயல்பான நிலை ஆகாது. ஆர்வக்கோளாறில் முதல் நாளே கிளையைத் தட்டிவிட்டு, மறுநாள் பொறி தொங்கவிட்டவர்கள் நிறையப் பேர்.

7. தொங்கு பொறி

தரையிலிருந்தே பெரிய கவண் கொண்டு மெல்லிய நூலில் கட்டிய எடைப்பையைக் கிளை பிரியும் கவட்டைக்கு மேலே எறிந்து, அந்த நூலால் தடித்த கயிற்றை இழுத்து, கயிற்றின் முனையில் ஒரு கப்பியைக் கட்டி மேலே ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் கொடியேற்றுவது போலப் பொறியை ஏற்றி இறக்கலாம். கயிறு விழுந்த கிளை பச்சையாக இருக்க வேண்டும். பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த கிளை, இலையில்லாத கிளை வேண்டாம். எடைப்பை எறியும்போது தலைக்கவசம் எல்லோருக்கும் வேண்டும், கீழே வேடிக்கை பார்ப்பவருக்கும் சேர்த்து.

பறந்து வந்து மோதி விழும் பொறி எளிதானது: இரண்டு ஒளிபுகும் தகடுகளைக் குறுக்காகப் பொருத்தி, கீழே புனல், அதன் அடியில் குப்பி, மேலே மழைக்கு ஒரு கூரை. வண்டுகள் எதிலாவது மோதினால் கீழே விழும், அதனால் வண்டுக்கு இது நல்ல பொறி. ஈக்களும் குளவிகளும் மேல்நோக்கி ஏறும், அவற்றுக்குக் கூடாரம் போன்ற வலைப்பொறிதான் பொருந்தும்.

குப்பிக்குள் எத்தனால் ஊற்றாதீர்கள். அது ஆவியாகிவிடும், அதோடு பட்டை துளைக்கும் வண்டுகள் எத்தனால் வாசனைக்கு வரும், ஏனென்றால் நோயுற்ற மரமும் அதே வாசனையைத்தான் வெளிவிடும். தண்ணீர் கலந்த புரோப்பிலீன் கிளைக்காலோடு இரண்டு துளி வாசனையில்லாத சோப்பு போதும். எத்திலீன் கிளைக்கால் விலங்குகளுக்கு நஞ்சு, சுவையோ இனிப்பு, காட்டில் வேண்டவே வேண்டாம்.

விளக்குப் பொறி வைப்பவர்கள் நிலாவைக் கவனியுங்கள். முழுநிலவு நாளில் வரத்து குறையும், ஒரு மரத்தை அமாவாசையிலும் இன்னொன்றைப் பௌர்ணமியிலும் பார்த்துவிட்டு ஒப்பிடாதீர்கள்.

8. பைக்குள் கிளை

இது மெதுவான வேலை, ஆனால் இத்தனை கிராம் இலைக்கு இத்தனை பூச்சி என்று நேரடியாகக் கணக்கு சொல்லத் தோதான முறை.

பெரிய பையைக் கிளை நுனியிலிருந்து ஒரே இழுப்பில் மாட்டி, வாயை இறுக்கிக் கட்டி, அதற்கு அப்புறம் கிளையை வெட்டி இறக்குங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெட்டும் அதிர்வில் தத்துப்பூச்சிகள் தாவிப் போய்விடும். பையை ஓரிரவு உறைபெட்டியில் வைத்துவிட்டு, வெள்ளைத் தட்டின் மேல் இலை இலையாக உதறுங்கள். இலையின் அடிப்புறம், மடிந்த இலை, இலைச்சுருட்டுப் புழுவின் கூடு, பூச்சியால் இலையில் வீங்கிய கொப்புளம், இலைக்குள் புழு குடைந்த சுரங்கம் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பிறகு அந்த இலைகளை உலர்த்தி, எடை மாறாத நிலை வந்ததும் நிறுத்து எழுதுங்கள். எடை எழுதாமல் இலையைக் கொட்டிவிட்டால் அந்த மாதிரி அப்போதே வீண்.

9. கிளை தட்டுதல்

புதியவர் ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் கற்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளைத் துணி, குறுக்கே இரண்டு குச்சி, அடிக்க ஒரு தடி, அவ்வளவுதான்.

விடியற்காலை குளிர்ச்சியில் செய்யுங்கள், வெயில் ஏறினால் துணியில் விழுந்ததெல்லாம் உடனே பறக்கும். ஆனால் இலை ஈரமாக இருக்கக் கூடாது, சின்னப் பூச்சிகள் தண்ணீரோடு துணியில் ஒட்டி நசுங்கிவிடும். பனி காய்வதற்கும் வெயில் ஏறுவதற்கும் நடுவே கிடைக்கும் அந்த ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் உங்கள் வேலை நேரம்.

துணியைக் கிளைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கிளையைத் தொட வேண்டும். முதல் அடி பலமாகவும் திடீரென்றும் விழ வேண்டும். மெல்லத் தட்டிப் பார்த்தால் பூச்சிகள் எச்சரிக்கையாகி இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். எத்தனை அடி என்பதை முன்பே முடிவு செய்து எல்லாக் கிளைக்கும் அதே அளவு அடியுங்கள், நான் ஐந்து வைத்துக்கொள்கிறேன். அடித்ததும் துணியைச் சட்டென்று எடுத்துவிடக் கூடாது. சிலந்திகளும் கம்பளிப்புழுக்களும் விழும்போதே நூல் விட்டுத் தொங்கும், நீங்கள் நகர்ந்ததும் அந்த நூலிலேயே ஏறிப் போய்விடும். துணிக்கும் கிளைக்கும் நடுவே கையை ஒருமுறை வீசினால் அந்த நூல்கள் அறுந்து எல்லாம் துணிமேல் வந்துவிடும்.

எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பறப்பவை, தாவுபவை, அப்புறம் ஓடுகிற சிலந்திகளும் எறும்புகளும், கடைசியில் அசையாதவை. கூன்வண்டுகள் விழுந்தவுடன் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும், ஒரு மண்துகள் என்றுதான் நினைப்பீர்கள். அளவெடுக்கும் புழு குச்சி போலவே விறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் பொறுமையாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருங்கள், குப்பை என்று நினைத்தவற்றில் சில நடக்க ஆரம்பிக்கும். இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்காதவர்களின் பட்டியலில் கூன்வண்டு எப்போதும் குறைவாகவே இருக்கும்.

உறிஞ்சுகுழலால் எடுக்கும்போது வாய்ப்பக்கக் குழலின் முனையில் சல்லடைத் துணி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், எறும்பை உறிஞ்சவே செய்யாதீர்கள். முசுறு போன்ற எறும்புகள் பீய்ச்சும் ஃபார்மிக் அமிலம் தொண்டையை எரித்துவிடும். எறும்புக்கு ஈரத் தூரிகை போதும்.

10. பட்டையும் தொற்றுச் செடியும்

இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மரக்கிளையில் வளரும் பெரணிகளுக்குள் உதிர்ந்த இலை தேங்கி, மக்கி, மண்ணாகவே மாறியிருக்கும். போர்னியோக் காட்டில் பறவைக்கூடுப் பெரணிகளைத் தனியாக இறக்கி ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுக்குள் இருந்தவற்றையும் சேர்த்தபோது உச்சியில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்களின் மொத்த எடை முன்பு மதிப்பிட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கானது. தட்டினாலும் புகைத்தாலும் இவை கீழே வராது.

செடியை முழுதாகப் பறிக்க வேண்டாம், அனுமதியும் கிடைக்காது. உள்ளிருக்கும் மக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு, அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துத் துணிப்பையில் போட்டு அன்றே புனலில் ஏற்றுங்கள். புனலுக்குள் சல்லடை, சல்லடையில் மக்கு, மேலே ஒரு சிறு விளக்கு, அடியில் ஆல்கஹால் குப்பி. மேலிருந்து காயக் காய, ஈரம் தேடிக் கீழே இறங்கும் உயிர்கள் குப்பியில் விழும். விளக்கைப் பெரிதாக வைத்து அவசரப்பட்டால் மெதுவாக நகரும் சிற்றுண்ணிகள் நடுவழியிலேயே காய்ந்து செத்துவிடும். நான்கைந்து நாள் விடுங்கள்.

11. புகை, தேவையென்றால் மட்டும்

பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லி கலந்த புகையைக் காற்றில்லாத விடியற்காலையில் உச்சிக்குள் செலுத்தி, கீழே கட்டிய ஒரு சதுர மீட்டர் புனல் துணிகளில் விழுவதை ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது முறை. முதல் ஆய்வுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பைரித்ரம் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் மீன்களுக்குக் கடும் நஞ்சு, அருகில் ஓடை இருந்தால் நினைக்கவே கூடாது. பிரித்து முடிக்க முடியாத அளவு உயிர்களைக் கொன்று ஜாடியில் போட்டு வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்புவதில்லை.

புகையில் கிடைத்த எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்க்கும் ஆசையும் வரும், அதற்கும் ஒரு முன்னனுபவம் இருக்கிறது. பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் கிடைத்த சுமார் 1,200 வண்டினங்களை வைத்து, வெப்பமண்டலத்தில் 3 கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று 1982-இல் கணக்குப் போட்டார். அந்த வண்டுகளில் எத்தனை பங்கு அந்த ஒரு மரத்தை மட்டுமே நம்பி வாழ்பவை என்பது அதில் ஓர் அனுமானம். அந்தப் பங்கு அவ்வளவு இல்லை என்று பின்னால் தெரியவந்ததும் மதிப்பீடு பல மடங்கு இறங்கியது.

12. அன்று மாலையே செய்ய வேண்டியவை

குப்பியில் பூச்சி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் போனால் பூச்சி உடலிலிருந்து வரும் நீரே ஆல்கஹாலை நீர்த்துப்போகச் செய்து எல்லாம் அழுகும். மறுநாள் ஒருமுறை ஆல்கஹாலை மாற்றிவிடுங்கள். புழுக்களை நேரே ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும், கொதிநீரில் சில நொடி முக்கிவிட்டு அப்புறம் போடுங்கள். அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் ஆல்கஹாலுக்கே போகக் கூடாது, செதில்கள் உதிர்ந்து அடையாளமே தெரியாது.

பிறகு குப்பிகளைக் குறிப்பேட்டோடு ஒன்றொன்றாகச் சரிபாருங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றே. ஒரு குப்பி குறைந்தால் எங்கே விட்டோம் என்பது அன்று நினைவிருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

13. பிரித்தல்

முதல் சுற்றில் பெருவகுப்பாக மட்டும் பிரியுங்கள்: வண்டு, நாவாய்ப்பூச்சி வகை, ஈ, குளவி, எறும்பு, வெட்டுக்கிளி, புழு, சிலந்தி என்று. ஒரு குப்பியை எடுத்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். ஒரே மேசையில் இரண்டு குப்பி திறந்திருந்தால் சீட்டு மாறிவிடும்.

எறும்புக் குப்பியை மறுபடி பாருங்கள், அதற்குள் சிலந்தி இருக்கும். எறும்பைப் போலவே இடை ஒடுங்கி, முன்காலை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும் குதிக்கும் சிலந்திகள் உண்டு, முசுறைப் போலவே நிறமும் உள்ளவை கூட இருக்கின்றன. கால்களை எண்ணுங்கள்.

சிலந்திகளில் பெரும்பகுதி குஞ்சுகளாகத்தான் இருக்கும், அதைக் கண்டு சோர்ந்துபோகாதீர்கள். சிலந்தியின் இனத்தைச் சொல்வது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்பை வைத்துத்தான், அது முதிர்ந்தவற்றில் மட்டுமே முழுமையாக இருக்கும். முகத்தருகே உள்ள இரு சிறு கைகளின் நுனி குத்துச்சண்டை உறை போலப் பருத்து, உள்ளே சுருளும் முள்ளுமாக இருந்தால் முதிர்ந்த ஆண். பருத்திருந்தும் வழவழப்பாக இருந்தால் இன்னும் ஒருமுறை தோலுரிக்க வேண்டியது. வயிற்றின் அடியில் முன்பக்கம் கருமையான தகடு தெரிந்தால் முதிர்ந்த பெண். குஞ்சுகளைக் குடும்பம் வரை எழுதி நிறுத்துங்கள், நிறத்தைப் பார்த்து இனப் பெயர் வைக்காதீர்கள். எண்ணிக்கையிலிருந்து விட்டுவிடவும் கூடாது, ஒரு மரத்தில் எத்தனை சிலந்தி என்ற கணக்குக்கு அவையும் வேண்டும்.

பெயர் தெரியாதவற்றுக்கு உருவத்தை வைத்து "கூன்வண்டு 14" என்பது போல எண் கொடுப்பதில் தப்பில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முன்மாதிரிப் பூச்சியும் ஒரு படமும் தனியாக வையுங்கள். ஆணும் பெண்ணும் இரண்டு எண் வாங்குவது, ஒரே எறும்பினத்தின் பெரிய தலைக்காரியும் சின்ன வேலைக்காரியும் இரண்டு இனம் ஆவது, இவை இரண்டும்தான் அடிக்கடி நடக்கும். ஒரு வகுப்பை முழுக்க ஒரே ஆள் பிரித்தால் இந்தத் தவறுகள் குறையும், நடந்தாலும் ஒரே மாதிரி நடக்கும்.

அடுத்து, எது என்ன தின்கிறது என்ற பிரிவு: இலை மெல்பவை, சாறு உறிஞ்சுபவை, வேட்டையாடுபவை, ஒட்டுண்ணிக் குளவிகள், எறும்புகள், மக்கு தின்பவை. எதிலும் சேராமல் இளைப்பாற வந்து உட்கார்ந்தவைக்கு ஆய்வாளர்கள் மோரனும் சவுத்வுட்டும் 1982-இல் "சுற்றுலாப் பயணிகள்" என்று ஒரு தனிப் பிரிவே வைத்தார்கள். அந்தப் பிரிவை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்த ஒவ்வொரு பூச்சிக்கும் அந்த மரத்தோடு உறவு கற்பிக்க வேண்டியதில்லை.

14. எண்ணுவதும் ஒப்பிடுவதும்

எறும்புகளைத் தலையெண்ணிக்கையில் கணக்கிடாதீர்கள். ஒரு கிளையில் கூடு இருந்தால் 800 எறும்பு விழும், அது 800 தனித்தனி நிகழ்வு ஆகாது, ஒரே கூட்டம். எத்தனை மாதிரிகளில் அந்த இனம் இருந்தது என்று மட்டும் எண்ணுங்கள்.

இரண்டு மரங்களின் இன எண்ணிக்கையை ஒப்பிடும் முன் தலையெண்ணிக்கையைச் சமப்படுத்துங்கள். 900 பூச்சி கிடைத்த மரத்தில் 200 பூச்சி கிடைத்த மரத்தைவிட இனங்கள் கூடத்தான் இருக்கும். 900-லிருந்து 200-ஐ மட்டும் குலுக்கல் முறையில் எடுத்தால் எத்தனை இனம் வரும் என்று பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு, இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரலில் அதற்கான தொகுப்புகள் இருக்கின்றன.

கண்ணில் படாதவை எத்தனை இருக்கும் என்று மதிப்பிட, புள்ளியியலாளர் ஆன் சாவ் (Chao) வகுத்த முறை எளிது. ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு பூச்சி கிடைத்த இனங்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, கிடைத்த இனங்களோடு கூட்டுங்கள். 60 சிலந்தி இனம் கிடைத்தது, அதில் 30 இனம் ஒற்றை, 10 இனம் இரட்டை என்றால் 900-ஐ 20-ஆல் வகுத்து 45, ஆக மொத்தம் 105. இதுவும் குறைந்தபட்ச மதிப்பீடுதான். மர உச்சியில் ஒற்றைகள் பாதி இருப்பது சாதாரணம், அதைத் தவறு என்று நினைத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

15. முடித்த பிறகு

முன்மாதிரிகளை ஓர் அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகச் சேகரிப்பிலோ ஒப்படைத்து, அவர்கள் தரும் எண்ணை உங்கள் கோப்பில் எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் "கூன்வண்டு 14"-க்குப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். மீதியை உங்களிடம் வைத்துக்கொள்வதானால் சிறு குப்பிகளை ஆல்கஹால் நிரப்பிய பெரிய ஜாடிக்குள் மொத்தமாகப் போட்டு இருட்டில் வையுங்கள், சிறு குப்பியின் மூடி தளர்ந்தாலும் உள்ளே காயாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாடியில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ஊற்றிவிடுங்கள்.